[கலைச்சொல்] ரிவால்வர் உறுப்புகளுக்குத் தமிழ்ப்பெயர்: திங்கட்கிழமை அச்சுக்குப் போகுதுங்க

கோவை, விவர அட்டை எழுதுபவர்:

வணக்கமுங்க. காட்சிக்கூடம் ஒன்றுக்கு அட்டை எழுத வேண்டும். பொருள் ஒரே ஒரு பழைய ரிவால்வர். இடப்பக்க நெம்பை அழுத்தினால் குழல் கீழே மடிகிறது. மடியும்போதே ஆறு தோட்டாவையும் பின்னாலிருந்து ஒரு நட்சத்திரத் தகடு தள்ளிவிடுகிறது. சட்டத்தின் (ஃபிரேமின்) இடப்பக்கம் வெப்லி, மார்க் 6, 1917 என்று பொறித்திருக்கிறது. சிலிண்டர், ஹேமர், டிரிகர், டாப் பிரேக் (இப்படிக் குழல் மடிகிற அமைப்பு), சிங்கிள் ஆக்‌ஷன், டபுள் ஆக்‌ஷன் ஆகியவற்றுக்குச் சொல் தாருங்கள். அட்டையில் 60 சொல்லுக்குத்தான் இடம். படிக்கப்போவது பள்ளிப் பிள்ளைகள்.

கோபி, தமிழாசிரியர்:

முதலில் துப்பாக்கி என்பதையே எடுத்துவிடலாம். அது துருக்கியிலிருந்து வந்த சொல். வான்சிறப்பில் வரும் 'துப்பாக்கி' உணவை உண்டாக்கி என்ற பொருளது. இரண்டையும் முடிச்சுப் போடுபவர்கள் இந்தக் குழுவில் இல்லை என்று நம்புகிறேன். ஈழத்தில் வழங்கும் சுடுகலன் நல்ல சொல். ரிவால்வர், சுழல்கலன். சுல் என்ற வேரிலிருந்தே சுழல், சுழி, சுருள், சூழ், சுற்று எல்லாம் கிளைத்தன. சிலிண்டருக்குச் சுழலறை. குண்டு தங்கும் அறையும் அதுவே, சுழல்வதும் அதுவே. சுளகு என்பதும் இதே வேர்தானா என்று பார்க்க வேண்டும். புடைக்கும்போது தானியம் சுழல்கிறதல்லவா?

பீளமேடு, பட்டறைக்காரர்:

வாத்தியாரய்யா, சுளகை அக்கட்டால வைங்க. சுழல்கலன் என்று எழுதினால் பிள்ளைகள் மிக்ஸி என்று நினைத்துக்கொள்ளும். சுழல்துப்பாக்கி போதுங்க. சுழலறையிலும் சிக்கல் இருக்கிறது. சுழல்வது ஒரு திரண்ட எஃகுத் துண்டு, அதில் துளைத்த அறைகள் ஆறு. முழுத்துண்டுக்கு அறை என்று பேர் வைத்துவிட்டால் தனித்தனித் துளையை எப்படிச் சொல்வது? துண்டு உருளை, துளை குண்டறை. பம்புசெட் வேலைக்கு வரும் பையனுக்கு உருளை என்றாலும் புரியாது, சிலிண்டர்தான் புரியும். ஆனால் பாடநூலில் உருளை இருப்பதால் பிள்ளைகளுக்குத் தெரியும்.

தாராபுரம், பழைய ஆயுத ஆர்வலர்:

பெயருக்கு முன்னால் பொருளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கையில் எடுத்ததும் மடித்து ஆறு அறையும் காலியா என்று கண்ணால் பார்க்க வேண்டும், விரலாலும் தடவ வேண்டும். பழைய தோட்டா துருவேறி அறையோடு ஒட்டிக்கொண்டால் நட்சத்திரத் தகடு அதை விட்டுவிட்டு மேலே வந்துவிடும்.

காலத்தைத் தோட்டா போடும் வழியிலிருந்து தொடங்கிக் கணிக்க வேண்டும். உருளையின் பின்னால் ஒவ்வோர் அறைக்கும் ஒரு முலைக்குமிழ் இருந்தால் அதன்மேல் சிறு வெடித்தொப்பி வைத்துச் சுடும் வகை. பின்விளிம்பில் சிறு வெட்டு இருந்தால் பக்கவாட்டில் முள் நீட்டிய தோட்டாவுக்கானது, பிரான்சில் 1850களில் பரவியது. அமெரிக்காவில் முழுக்கத் துளைத்த உருளைக்கான காப்புரிமை 1855இல் எடுக்கப்பட்டு 1869 வரை இருந்ததால், மற்ற கம்பெனிகள் அதற்குப் பிறகே அங்கே தாராளமாகச் செய்ய முடிந்தது. வலப்பக்கம் சிறு கதவு திறந்து ஒவ்வொன்றாகப் போடுவது 1873 கோல்ட் போன்றவை. உருளை பக்கவாட்டில் வெளியே வருவது 1889 கோல்டிலிருந்து.

உங்களுடையது மடிகிற வகை. வெப்லி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் மார்க் 1 வந்தது 1887, மார்க் 6 வந்தது 1915. மார்க் 5 வரை பிடியின் அடி பறவைத் தலைபோல் வளைந்திருக்கும். மார்க் 6இல் சதுரமாகிவிட்டது, குழலும் 6 அங்குலம். 1932இல் பிரிட்டிஷ் படையில் ஏற்கப்பட்ட என்ஃபீல்டு பார்வைக்கு இதன் தம்பிதான். ஆனால் அது 0.38 அங்குலத் தோட்டாவுக்கு, இது 0.455க்கு. என்ஃபீல்டில் கழற்றும் பக்கத்தகடு உண்டு, வெப்லியில் இல்லை. ஹேமரில் பெருவிரல் வைக்கும் கொம்பே இல்லாமல் இருந்தால் அது 1938க்குப் பிந்தைய என்ஃபீல்டு வடிவம்.

பலரும் ஏமாறுவது காப்புரிமைத் தேதியில். காப்புரிமைத் தேதியாகப் பொறித்த ஆண்டு செய்த ஆண்டு அல்ல, அதற்கு முன் செய்திருக்க முடியாது என்பதற்கு மட்டுமே சான்று. உங்கள் மார்க் 6இல் உள்ள 1917 அப்படியல்ல, அது செய்த ஆண்டுதான். அம்புக்குறி ஒன்று இருந்தால் பிரிட்டிஷ் அரசுச் சொத்து. இரண்டு அம்பு முனையோடு முனை சேர்ந்திருந்தால் படையிலிருந்து விற்று வெளியேற்றியது. இங்கிலாந்துத் தயாரிப்பல்ல என்று பொருள்படும் ஆங்கில முத்திரை இருந்தால், 1925க்கும் 1955க்கும் இடையில் அங்கே சோதனைக்குப் போன வெளிநாட்டுச் சரக்கு. சட்டம், குழல், உருளை மூன்றிலும் எண் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறுபட்டால் பிற்காலத்தில் உறுப்பு மாற்றியிருக்கிறார்கள். எழுத்தின் ஓரம் மழுங்கியிருந்தால் எமரித்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி சாயம் ஏற்றியது. நீங்களும் தேய்த்துவிடாதீர்கள், எண்ணெய்த்துணி போதும்.

இன்னொன்று: சின்னமலை காலத்துத் துப்பாக்கியா என்று கட்டாயம் கேட்பார்கள். சங்ககிரியில் அவர் தூக்கிலிடப்பட்டது 1805. கோல்ட் தன் ரிவால்வருக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதே 1835இல். இதை அட்டையில் ஒரு வரி சேருங்கள்.

கோபி:

தகவலுக்கு நன்றி. ஹேமருக்கு யாரும் புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டாம். துப்பாக்கிக் குதிரை என்ற பழைய வழக்கு இருக்கிறது.

பவானி, மொழிபெயர்ப்பாளர்:

இருக்கிறதுங்க, ஆனால் குதிரையை இழுத்தான் என்று எழுதுபவர்களில் பாதிப்பேர் டிரிகரைத்தான் சொல்கிறார்கள். ஒரே அட்டையில் இரண்டு உறுப்பும் வருவதால் பிரித்தாக வேண்டும். மேலே ஏறி அடிப்பது குதிரை, விரல் இழுப்பது விசை. படத்தில் அம்பு போட்டுக் காட்டிவிட்டால் குழப்பம் தீரும்.

ஒற்றைச்செயல், இரட்டைச்செயல் என்று போட்டுவிடாதீர்கள். இரட்டை என்றதும் இரண்டு குண்டு ஒன்றாகப் போகும் என்று படிப்பார்கள். ஒன்றில் ஒவ்வொரு முறையும் பெருவிரலால் குதிரையைப் பின்னே இழுத்து நிறுத்திய பிறகே விசை வேலை செய்யும். மற்றதில் விசையை இழுக்கும் இழுப்பிலேயே குதிரை பின்னே போய், உருளையும் திரும்பி, அடியும் விழும். மார்க் 6 இரண்டு விதமாகவும் சுடும்.

கோபி:

வில்லுக்கு நாணேற்றுவது போலத்தானே இது? கைந்நாணேற்று, விசைநாணேற்று.

பீளமேடு:

கேட்க நல்லா இருக்குதுங்க. துப்பாக்கியில் நாண் எங்கே என்று எட்டாவது படிக்கிற பிள்ளை கேட்டால் அட்டையா பதில் சொல்லும்? கையேற்று, விசையேற்று. அவ்வளவுதான்.

பவானி:

டாப் பிரேக்குக்கு முறிதுப்பாக்கி என்று ஓர் அகராதிக் கோப்பில் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று படிப்பவர் ஒடைஞ்ச துப்பாக்கி என்றே நினைப்பார். மடிகுழல் என்கிறேன்.

தாராபுரம்:

மடிகுழலிலும் குறை உண்டு. அமெரிக்காவில் 1857இல் வந்த சிறிய ஸ்மித் வெஸ்ஸனில் குழல் மேல்நோக்கி மடியும். இது கீழ்நோக்கி. கீழ்மடிகுழல் என்றால்தான் துல்லியம்.

கோபி:

60 சொல் அட்டைக்கு இவ்வளவு நீளமா? நட்சத்திரத் தகட்டுக்கு உடுத்தள்ளி (உடு என்றால் நட்சத்திரம்) என்று ஒன்று வைத்திருக்கிறேன், அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

பீளமேடு:

உடுத்தித் தள்ளுகிறதாங்க?

கோவை:

நேரமாகிவிட்டதுங்க. பெரும்பான்மைப்படி சுழல்துப்பாக்கி, உருளை, குண்டறை, குதிரை, விசை, மடிகுழல், கையேற்று, விசையேற்று. ரிவால்வர் என்பதும் தலைப்பில் அடைப்புக்குறியில் இருக்கும். நட்சத்திரத் தகடு அப்படியே நிற்கட்டும். சின்னமலை வரியைச் சேர்த்துவிட்டேன்.

கோபி:

உருளைக்கு என் ஒப்புதல் இல்லை என்று பதிவு செய்யுங்கள். அறை இல்லாத உருளை ரோடு ரோலரிலும் இருக்கிறது. சுளகு பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

தாராபுரம்:

கீழ்மடிகுழல். அச்சகத்தார் இன்னும் தட்டச்சு செய்யவில்லையென்றால் இரண்டெழுத்துத்தானே, சேர்க்கச் சொல்லுங்கள்.