ஜிபிஎஸ்ஸில் 49 மைல், போட்டியில் 42: மீதி வேகம் எங்கே போகிறது?

மிச்சிகன்_கதிர்:
எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் நாம்பா (வட அமெரிக்க மாதிரிப் படகுச் சங்கம்) விதிப்படி நடந்த நேர்கோட்டு வேகப் போட்டியில் முதல் முறையாக என் ரிமோட் மோனோ படகை (ஒற்றை உடல் கொண்ட மாதிரிப் படகு) ஓட்டினேன். 4 செல் லைப்போ பேட்டரி, 2000 கேவி மோட்டார் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று), ஆக்டுரா எக்ஸ்442 புரொப்பல்லர். படகுக்குள் வைத்த ஜிபிஎஸ் மணிக்கு 49 மைல் காட்டியது. ஆனால் போகும்போது 45, திரும்பும்போது 39 என்று அளந்து, சராசரி 42 என எழுதிக் கொடுத்தார்கள். 6 செல்லுக்கு மாறினால் சரியாகுமா?

ஏரிக்கரை:
தம்பி கதிர், 6 செல்லுக்கு இப்போது போகவே வேண்டாம். 4 செல் என்றால் பி வகுப்பு. 6 செல் போட்ட உடனே க்யூ வகுப்புக்குப் போய்விடுவீர்கள். அங்கே எதிரே நிற்பவர்களிடமும் 6 செல்தான் இருக்கும்.

ஜிபிஎஸ் காட்டுவது ஒரு கணத்தின் உச்சம். போட்டியில் அளப்பது 330 அடி முழுவதையும் கடக்க ஆன நேரம். 45 மைல் என்றால் சரியாக 5 விநாடி; 39 மைல் என்றால் 5.77 விநாடி. இரண்டு திசைக்கும் சராசரி எடுப்பதே காற்றின் உதவியைக் கழிப்பதற்குத்தான். ஆனால் லேசான காற்று மட்டும் 6 மைல் வித்தியாசத்தைக் கொண்டுவராது. திரும்பி வரும்போது ஓட்டம் எடுக்க உங்களுக்கு எவ்வளவு தூரம் இருந்தது? அந்த 330 அடியின் தொடக்கத்தில் நிற்கும் முதல் மிதவையைத் தொடும்போதே படகு முழு வேகத்தில் இருக்க வேண்டும். மிதவைக்குள் வந்த பிறகு வேகம் ஏறினால், அந்த ஏற்றமும் உங்கள் நேரத்தில்தான் சேரும்.

படகு இடமும் வலமும் ஆடியதா? மோனோவில் வேகம் கூடும்போது இது அடிக்கடி வரும். நீங்கள் சுக்கானைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்வீர்கள். ஒவ்வொரு திருப்பமும் தண்ணீரில் பிரேக் போடுவதுதான். பேட்டரியைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பாருங்கள். அப்புறம் ஸ்ட்ரட்டின் (புரொப்பல்லர் தண்டைத் தாங்கும் பின்பக்கத் துண்டு) கோணத்தை இம்மி இம்மியாக மாற்றுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

அடுத்தது புரொப்பல்லர். எக்ஸ்442 என்றால் விட்டம் 42 மில்லிமீட்டர், பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) அதன் 1.4 மடங்கு. எக்ஸ்642 அதே விட்டம், 1.6 மடங்கு. சுமையில் நிமிடத்துக்கு 24,000 சுற்று என்று வைத்தால், தண்ணீரில் வழுக்கி இழப்பதைக் கழிக்காமல் முதலாவது 53 மைல், இரண்டாவது 60 மைல். மோட்டார் சூட்டைப் பார்த்துக்கொண்டு பிறகு மாறலாம். அதுவும் படகின் ஆட்டம் நின்ற பிறகுதான்.

புரொப்பல்லரைப் புதிதாக வாங்கி அப்படியே மாட்டினீர்களா? அது வார்ப்பிலிருந்து வந்தபடி தடிமனாக, ஒரு பக்கம் கனமாக இருக்கும். காந்த பேலன்சரில் (சமநிலை பார்க்கும் கருவி) வைத்துச் சுழற்றி விட்டால் கனமான இதழ் ஒவ்வொரு முறையும் கீழே வந்து நிற்கும். அந்த இதழின் பின்புறத்தைத் தண்ணீர்க் காகிதத்தால் (நனைத்துத் தேய்க்கும் உப்புக்காகிதம்) தேய்த்து, எந்த நிலையில் விட்டாலும் அப்படியே நிற்கும்வரை கொண்டுவர வேண்டும். பிறகு முன்விளிம்பைக் கூராக்குங்கள். தயவுசெய்து காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். பெரிலியம் கலந்த செம்பு அது. தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்தில் தேயுங்கள், முகமூடி போடுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்தப் பக்கமே விடாதீர்கள்.

சால்ட்டர்_நீலா:
அண்ணன் சொன்னதோடு ஒன்று: பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) நடுவே வயர் நீளமாக இருந்தால் ஈஎஸ்சியின் கப்பாசிட்டர்கள் சூடாகி வெடிக்கும். வயரைக் குட்டையாக்குங்கள். முடியாவிட்டால் கூடுதல் கப்பாசிட்டர் சேருங்கள். குளிர்ந்த லைப்போவில் மின்னழுத்தம் சட்டென்று இறங்கும். ஓட்டத்துக்கு முன் வெதுவெதுப்பாக வைத்திருப்பது நல்லது.

மிச்சிகன்_கதிர்:
மிக்க நன்றி இருவருக்கும். திரும்பும் பக்கம் நாணல் இருந்ததால் ஓட்டம் எடுக்க இடம் பாதிதான் கிடைத்தது. படகும் ஆடியது. வேகத்துக்கு ரிக்கர்தான் (இரு பக்கமும் மிதவைகள் நீட்டிய படகு) சிறந்தது என்கிறார்களே, அதையே வாங்கிவிடட்டுமா?

ஏரிக்கரை:
உண்மைதான், ரிக்கர் தண்ணீரை மிகக் குறைவாகத் தொடும், அதனால் வேகம் அதிகம். அதே காரணத்தால் மூக்குக்கு அடியில் காற்று புகுந்தால் பின்னோக்கிக் கவிழும். இந்தப் பருவம் முழுக்க மோனோவையே ஓட்டுங்கள். நாணல் பக்கம் இடம் குறைவு என்றால் அகலமாக வளைந்து வாருங்கள். வளைவிலேயே வேகத்தை இழக்காமல் கொண்டுவந்தால் நேராக நிமிர்த்தக் குறைந்த தூரமே போதும். அடுத்த முறை இரண்டு திசை நேரத்தையும் இங்கே போடுங்கள், பார்ப்போம்.