கலைச்சொல் விவாதம்: ‘ஸ்லிப்’ என்னும் ஒரு சொல்லும் இரண்டு கோளாறுகளும்

வேலூரிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பழைய ஜீப் வைத்திருப்போருக்கென நாம் தொகுத்துவரும் கியர்பாக்ஸ் பராமரிப்புக் கையேட்டின் சொற்பட்டியலில், ‘ஸ்லிப்’ என்பதற்கு நேராக ‘நழுவல்’ என்று இடப்பட்டிருப்பதைக் கண்டேன். அந்த உருப்படியை இப்போதைக்கு நிறுத்திவைக்க வேண்டுகிறேன். சொல்லில் குறை ஏதுமில்லை. ஆனால் நம் ஊர்ப் பட்டறைகளில் ‘ஸ்லிப் ஆகுது’ என்ற ஒரே தொடர் இருவேறு கோளாறுகளுக்கு வழங்குகிறது. அவ்விரண்டுக்கும் சேர்த்து ஒரே தமிழ்ச்சொல்லை இட்டால், வாய்ப்பேச்சில் உள்ள குழப்பம் அச்சிலும் ஏறிவிடும்.

ஏலகிரி மலைச்சாலையை எடுத்துக்கொள்வோம். அதன் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஆளும் சுமையுமாக ஏறும் ஜீப்பில், எஞ்சின் இரைச்சல் கூடிக்கொண்டே போக, வேகம் மட்டும் கூடாமல் கருகிய நாற்றம் எழுந்தால், கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். கியர் லீவர் போட்ட இடத்திலேயே இருக்கும். அதே சாலையில் இரண்டாம் கியரில் இறங்கும்போது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த கணத்தில் லீவர் தானாகவே நியூட்ரலுக்கு வந்துவிட்டால், கிளட்சுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. எஞ்சினின் பிடி முழுவதும் அற்றுப்போக, நான்கு டிரம் பிரேக்குகளை மட்டும் நம்பி வண்டி உருளத் தொடங்கும். முன்னது செலவு வைக்கும். பின்னது உயிருக்கே உலை வைக்கும்.

வண்டிக்காரர் ‘ஸ்லிப்’ என்று சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு, கியர்பாக்ஸை இறக்கிப் புதுக் கிளட்ச் தட்டைப் போட்டு, தேய்ந்த பெட்டியைத் திறந்தும் பாராமல் அப்படியே ஏற்றி அனுப்பிய கதை ஒடுகத்தூர்ப் பக்கத்து வண்டி ஒன்றுக்கு நேர்ந்தது எனக்குத் தெரியும். பெட்டி தரையில் கிடந்தபோதே மேல்மூடியைத் திறந்திருந்தால், இரண்டாம் முறை இறக்கிய கூலியாவது மிஞ்சியிருக்கும்.

ஆகவே கிளட்சுக்கு ‘வழுக்கல்’ என்றும், கியருக்குக் ‘கழற்சி’ என்றும் பிரித்து வழங்க முன்மொழிகிறேன். உராய்ந்து பிடிக்க வேண்டிய இரண்டு பரப்புகள் பிடிக்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஓடுவது வழுக்கல். ஒன்றுக்குள் ஒன்று மாட்டியிருப்பது பிடி விட்டு வெளியே வருவது கழற்சி. பாசிப் படியில் கால் வழுக்குகிறது, மெலிந்த விரலிலிருந்து மோதிரம் கழல்கிறது என்று நாம் பிரித்தே சொல்கிறோம். ‘கியர் கழண்டுக்குது’ என்பது போளூரிலும் ஆம்பூரிலும் ஓட்டுநர்கள் வாயில் இயல்பாக வரும் தொடர். 1989-இல் வடார்க்காடும் 2019-இல் வேலூரும் மாவட்டங்களாகப் பிரிந்தபோது பட்டறைப் பேச்சு பிரிந்துவிடவில்லை.

‘கியர்’ என்பதைத் தமிழாக்காமல் விட வேண்டும் என்பதும் என் கருத்து. பற்சக்கரம், பல்லிணை இரண்டும் நல்ல சொற்களே. சக்கரத்தைக் குறிக்கும் இடத்தில் அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஓட்டுநர் ‘செகண்ட் கியர்’ என்னும்போது ஒரு சக்கரத்தைச் சொல்வதில்லை, ஒரு நிலையைச் சொல்கிறார். பழைய ஜீப்புகளின் டி-90 என்னும் கியர்பாக்ஸில் இரண்டாம் கியருக்குரிய பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழல்கின்றன. கோளாறு நேரும்போதும் அவை பிரிவதில்லை. பிரிவது, சக்கரத்தை அது சுழலும் தண்டோடு பிணைக்கும் ஸ்லீவ் என்னும் நகரும் வளையம் மட்டுமே. எனவே ‘பற்சக்கரக் கழற்சி’ என்று எழுதினால், நடக்காத ஒன்றுக்குப் பெயர் வைத்தவர்களாவோம். குழுவினர் கருத்தறிய விழைகிறேன்.

குடியாத்தத்திலிருந்து:

ஐயா அவர்களுக்கு வணக்கம். லேத் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் என் பங்குக்குச் சில சொற்கள்.

கியர் தானே வெளிவருவதற்கு முன்னொரு மடலில் ஒருவர் முன்மொழிந்த ‘பல்லிணைத் தாவல்’ எனக்கு உடன்பாடில்லை. தாவுவது என்றால் ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்ற வேண்டும். இங்கே இரண்டாம் கியரை விட்ட ஸ்லீவ் வேறெதையும் பற்றுவதில்லை. நடுவில் அநாதையாக நின்றுவிடுகிறது. கழற்சியே பொருந்தும். ஆனால் அது ஏன் கழல்கிறது என்பதைச் சொல்லும் சொற்களும் உடன் வந்தால்தான் கையேட்டால் பயன் உண்டு.

1947-இல் மஹிந்திரா இந்தியாவில் ஜீப் பொருத்தத் தொடங்கியதிலிருந்து நெடுங்காலம் பல வண்டிகளில் இருந்தது இந்த மூன்று கியர் டி-90 பெட்டிதான் என்பதால் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். அதன் மேல்மூடியைத் தூக்கினால், லீவர் நகர்த்தும் கியர் தண்டுகளும், அவற்றில் மாட்டி ஸ்லீவை நகர்த்தும் கவைகளும் மூடியோடு சேர்ந்தே வரும். ‘ஃபோர்க்’ என்பதற்குக் கவை என்பது நான் புதிதாகச் சொல்வதன்று. கவட்டையும் கவைக்கோலும் கையாண்ட ஊர் இது. கியர் தண்டை அதனதன் இடத்தில் நிறுத்துவது, தண்டில் வெட்டிய குழியில் ஸ்பிரிங் அழுத்தத்தோடு அமரும் சிறு குண்டு. ஸ்பிரிங் சோர்ந்தாலோ, குழியின் விளிம்பு தேய்ந்தாலோ, லீவரைப் போடும்போது கையில் தெரிய வேண்டிய ‘டக்’ என்ற உணர்வு மறைந்து, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் லீவர் வழவழவென்று போகும். கியர் சுகமாக விழுகிறது என்று மகிழ்ந்து வண்டி வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குண்டும் ஸ்பிரிங்கும் சில ரூபாய்களில் முடிந்துவிடும். சிக்கல் அதற்குக் கீழே இருக்கிறது. ஸ்லீவின் உட்பற்கள், கியரின் பக்கத்தில் உள்ள சிறு பற்களைக் கவ்விப் பிடிக்கின்றன. இச்சிறு பற்களுக்கு ஆங்கிலப் பெயரில் நாய் இருப்பதால் ‘நாய்ப்பல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நாய் நம்மை விட்டுவிடட்டும், ‘பிணைப்பல்’ என்போம். நல்ல பிணைப்பல்லின் பக்கம் கூர்மையாக, நேராக நிற்கும். கிளட்சை முழுதாக மிதிக்காமல் கியரை அறைந்து அறைந்து போட்ட பெட்டியில், பல்லின் முனை மழுங்கி, பக்கம் சரிவாகியிருக்கும். விரல் நகத்தை அதன்மேல் ஓட்டினால், தடுக்க வேண்டிய இடத்தில் நகம் வழுக்கிக்கொண்டு போகும். விசை ஏறும்போதெல்லாம் அந்தச் சரிவே ஸ்லீவை வெளியே தள்ளும். எவ்வளவு வலிய ஸ்பிரிங் போட்டாலும் அது நிற்காது, கவைதான் தேயும்.

அடுத்தது, பட்டறையில் ‘ப்ளே’ என்பது. இதற்கு ‘இடைவெளி’, ‘தளர்வு’ என்றெல்லாம் பட்டியலில் கண்டேன். இங்கே எந்த மெக்கானிக்கும் பற்சக்கரங்கள் அமர்ந்த தண்டைப் பிடித்து அசைத்துவிட்டு ‘ஆட்டம் இருக்கு’ என்பார். அதையே கலைச்சொல்லாக்கலாம். தண்டு முன்பின்னாக அசைந்தால் நெடுக்காட்டம். மேலும் கீழும் அசைந்தால் குறுக்காட்டம். இரண்டு கியர்களின் பற்களுக்கிடையே உள்ளது பல்லாட்டம். பல் வைத்தியரிடம் போக வேண்டியதா என்று யாரேனும் கேலி செய்தாலும் பரவாயில்லை, பொருள் பிறழவில்லை.

இவற்றுள் கழற்சிக்கு நெருங்கிய உறவு நெடுக்காட்டமே. சாய்வாக வெட்டிய பற்கள், விசை செலுத்தும்போது கியரை ஒரு பக்கமும், காலை எடுத்ததும் எதிர்ப்பக்கமும் தள்ளும். தண்டின் பேரிங்கும் வாஷர்களும் தேய்ந்து நெடுக்காட்டம் மிகுந்திருந்தால், இறக்கத்தில் காலை எடுத்தவுடன் கியர் முழுவதும் பின்வாங்க, ஸ்லீவின் பிடி பாதியாகக் குறையும். ஐயா சொன்ன ஏலகிரி இறக்கத்தின் காரணம் இதுதான். டயல் கேஜ் வைத்து அளக்காமல் ஸ்லீவை மட்டும் மாற்றுவது காசைக் கரியாக்குவதாகும்.

ராணிப்பேட்டையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் கற்பிப்பவள் நான். ஆட்டத்தின் மூன்று வகைகளையும் வகுப்பிலேயே பயன்படுத்தலாம் என்று தோன்றுகிறது. குடியாத்தத்து அண்ணனுக்கு நன்றி.

கழற்சியில் எனக்கு ஒரு தடை உண்டு. கழற்சிக்காய் நினைவுக்கு வருகிறது என்பதை நான் பெரிதுபடுத்தவில்லை. ‘கழல்’ என்பதோடு ‘கழற்று’ என்பதும் இதே கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ‘கியரைக் கழற்றுதல்’ என்று ஓர் அத்தியாயமும், ‘கியர்க் கழற்சி’ என்று மற்றோர் அத்தியாயமும் இருந்தால், இரண்டாவதையும் பிரித்தெடுக்கும் முறை என்றே மாணவர்கள் படிப்பார்கள். தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாடு, பெயர்ச்சொல்லாகும்போது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ‘விடுபடல்’ என்றால் இந்த இடர் இல்லை.

இன்னொன்று: கியர் விழும்முன் வேகங்களை ஒத்திசைக்கும் சிங்க்ரோ ரிங்குக்கு ‘ஒத்திவளையம்’ என்ற முன்மொழிவை நீக்கிவிடலாம். ஒத்திக்கு வீடு பிடிப்பவர்கள் அதை அடகுக்குப் போன வளையலாகவே கொள்வார்கள். ‘இசைவு வளையம்’ போதும். அந்தப் பித்தளை வளையம் தேய்ந்தால் கேட்பது கரகரப்பு ஓசைதானே தவிர, கியர் வெளியே வருவதற்கு அது நேர்க் காரணம் அன்று என்பதையும் கையேட்டில் குறிப்பிட வேண்டுகிறேன்.

வேலூரிலிருந்து:

அம்மா அவர்களின் தடை வலுவானது. ஆனால் மாற்றாகச் சொன்ன ‘விடுபடல்’ போதாது. கிளட்சை மிதிக்கும்போதும் விசை விடுபடத்தான் செய்கிறது, ஓட்டுநர் விரும்பி நியூட்ரலுக்குக் கொண்டுவரும்போதும் கியர் விடுபடத்தான் செய்கிறது. இக்கோளாற்றின் தனித்தன்மை, கை படாமல் அது தானே நிகழ்வதில் இருக்கிறது. ஆகவே ‘தன்கழற்சி’ என்று முன்னொட்டுச் சேர்த்துவிடலாம். கழற்றுதலோடு குழம்பும் வழியும் அடைபடுகிறது. வண்டிக்காரரிடம் மெக்கானிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. தேர்க்கால் என்பதில் வலி மிகுவதுபோல் ‘கியர்த் தன்கழற்சி’ என்று ஒற்று மிகுத்தே எழுதுவோம். அயற்சொல் என்பதற்காக அதற்குப் புணர்ச்சி விதியை மறுக்க வேண்டியதில்லை.

இசைவு வளையத்தை ஏற்கிறேன். அந்த உருப்படியில் எண்ணெயைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாம்: ஜிஎல்-5 தர எண்ணெயில் மிகுதியாக உள்ள கந்தக, பாஸ்பரச் சேர்மங்கள் பித்தளையை அரிக்கக்கூடியவை என்பதால், விலை கூடியது நல்லது என்று நினைத்து அதை ஊற்றிவிடக் கூடாது. டி-90 பெட்டியில் முதல் கியருக்கு இசைவு வளையமே கிடையாது. ஓடும் வண்டியில் அதைப் போட வேண்டுமானால், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து ஆக்சிலேட்டரைச் சற்றுக் கொடுத்து, மறுபடி மிதித்துத்தான் போட வேண்டும். லாரி ஓட்டுநர்கள் ‘டபுள் கிளட்ச்’ என்னும் இதற்கு ‘இருமிதி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மறுப்பு வராது என்று நம்புகிறேன்.

கையேட்டுக்கான வரைவு உருப்படி வருமாறு:

கியர்த் தன்கழற்சி: ஓடும் வண்டியில், ஓட்டுநர் லீவரைத் தொடாமலே, போட்ட கியர் பிடி விட்டு நியூட்ரலுக்கு வருதல். பெரும்பாலும் இறக்கத்தில் காலை எடுக்கும்போது நிகழும். பிணைப்பற்கள் சரிவாகத் தேய்தல், நெடுக்காட்டம் மிகுதல், கவை தேய்தல், கியர் தண்டை நிறுத்தும் குண்டின் ஸ்பிரிங் சோர்தல், பெட்டியை எஞ்சினோடு இணைக்கும் போல்ட்டுகள் தளர்தல் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ காரணமாகலாம். போல்ட்டுகளையும் ஸ்பிரிங்கையும் முதலில் பார்க்க. அவை பெட்டியை இறக்காமலே பார்க்கக்கூடியவை. சரிசெய்யும்வரை லீவரைக் கையால் அழுத்திப் பிடித்து ஓட்டுவது கவையை மேலும் தேய்க்கும். அவ்வண்டியை மலையிறக்கத்துக்குக் கொண்டுசெல்லலாகாது. கிளட்ச் வழுக்கல் வேறு, அங்கே காண்க.

இதில் திருத்தம் இருப்போர் தெரிவிக்கவும். முன்பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் இரண்டு லீவர்களுக்கும் பட்டறையில் வழங்கும் பெயர்களைக் குடியாத்தத்து அன்பர் கேட்டு எழுதினால், அவற்றை அடுத்து எடுத்துக்கொள்ளலாம்.