புதுப்பிப்பு: இறுதியாண்டு ஆய்வுக்குக் கன்னியாவையே எடுத்தாச்சு

பௌதிகவியல் இறுதியாண்டு ஆய்வுக்குக் கணினி மாதிரியாக்கமா, பரிசோதனையா என்று கேட்டிருந்தேனே? பாதிப்பேர் "மாதிரியாக்கம் எடு, வெயிலில் காயத் தேவையில்லை" என்றீர்கள். மன்னிக்கோணும், திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீரூற்றுக்கே போறன். ஏழு கிணறும் பக்கத்துப் பக்கத்தில், வெப்பநிலை மட்டும் வேறு வேறு. அது நாள் முழுக்க எப்படி மாறுது என்று பதிவதுதான் திட்டம்.

கிணற்றுக்கு ஒன்றாக ஏழு வெப்பநிலை உணரிகள், டிஎஸ்18பி20 வகை. ஒவ்வொன்றுக்கும் 64 பிட் தனி இலக்கம் இருப்பதால் ஏழையும் ஒரே தரவுக் கம்பியில் கோர்க்கலாம், கூட 4.7 கிலோஓம் மின்தடை ஒன்று. திரையில் 0.0625 பாகை வரை காட்டும். "அதைப் பார்த்து மயங்காதேயும், செம்மை ±0.5 பாகைதான், உண்மையான வெப்பநிலையிலிருந்து அவ்வளவு விலகலாம்" என்றார் சேர். ஆகவே முதலில் எல்லாவற்றையும் ஒன்றாக ஐஸ் தண்ணியிலும் பிறகு 40 பாகையளவு சுடுநீரிலும் அமிழ்த்தி, ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுது என்று குறிக்கிறேன். வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியில் ஐஸ் காலி. அம்மாவின் முகத்தைச் சொல்லத் தேவையில்லை.

அனுமதிக் கடிதம் குடுத்தாச்சு. குளிக்க வாறவை வாளி வாளியாய் அள்ளினால் அளவீடு குழம்பும், அதனால் சனம் வரமுதல் விடியவே தொடங்கப் பார்க்கிறேன். நிலாவெளிப் பக்கம் யாரிடமாவது தண்ணி புகாத சின்னப் பெட்டி இருந்தால் சொல்லுங்கோ.