சிஎச்ஆர் ஹைபிரிட் லீற்றருக்கு 14 தான் ஓடுகிறது, பற்றரி போய்விட்டதா?

மண்முனை டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கார் ஓட்டத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பிழையாக எதுவும் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடக் கடைசியில் 2017 டொயோட்டா சிஎச்ஆர் ஹைபிரிட் ஒன்று வாங்கினோம். 1.8 எஞ்சின், மூன்றாவது கை. விற்றவர் "கண்ணை மூடிக்கொண்டு 25 ஓடும்" என்றார். கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டியும் எனக்கு 15 ஐத் தாண்டவில்லை.

கடைசியாகப் பார்த்த கணக்கு இது. டாங்கியை நிரப்பி 412 கிலோமீற்றர் ஓடினேன், அதே பெற்றோல் செட்டில் திரும்ப நிரப்ப 28.4 லீற்றர் போனது. லீற்றருக்கு 14.5 வருகிறது. கார்த் திரையோ 16.1 என்று காட்டுகிறது.

வீடு ஆரையம்பதி. பாடசாலை கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், மண்முனைப் பாலத்தால் போவேன், ஒருவழி 11 கிலோமீற்றர். பின்னேரம் மகனை ரியூசனுக்குக் கல்லடிக்குக் கொண்டுபோவது கணவர். இப்போது ஏசி எப்போதும் போடுவோம், இந்தக் கச்சான் காற்றில் போடாமல் முடியாது.

குழப்பம் என்னவென்றால், மார்ச்சில் கொழும்புக்குப் போய் வந்தபோது 640 கிலோமீற்றருக்கு 19.6 வந்தது. ஹைபிரிட் ஊருக்குள்தான் நல்லாய் ஓடும் என்கிறார்கள், எனக்கு எல்லாம் தலைகீழ்.

கராஜ் ஒன்றில் காட்டினேன். எதையும் கழற்றிப் பார்க்காமலே "பற்றரி முடிஞ்சு போச்சு, மாத்த வேணும்" என்றார்கள். கேட்ட தொகை என்னுடைய பல மாதச் சம்பளம். டாஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. மாற்றத்தான் வேண்டுமா?

பாசிக்குடாப் பெடியன்

95 பெற்றோல் அடிச்சுப் பாருங்க அக்கா. ஈகோ மோட்டும் போடுங்க.

கல்முனைக் காக்கா

தம்பி, 95 அடித்தால் செட்காரருக்குத்தான் லாபம். இந்த எஞ்சின் ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்குச் செய்தது. அங்கே சாதாரணப் பெற்றோலுக்குக் குறைந்தபட்ச ஒக்டேன், அதாவது தர எண், 89. நம்முடைய 92 அதற்குத் தாராளம்.

டீச்சர், முதலில் அந்த 25 கதையைப் பேசுவோம். சிஎச்ஆர் ஹைபிரிட் 2016 டிசம்பரில் ஜப்பானில் வந்தபோது கட்டலொக்கில் போட்டது 30.2. அது ஜேசி08 என்ற சோதனை. காரை உருளை மேல் ஏற்றி, ஏசியை நிறுத்தி, பதமாக ஓட்டி எடுத்த கணக்கு. பிறகு டபிள்யூஎல்டிசி என்று கொஞ்சம் கடுமையான சோதனை வந்தது, அதில் 25.8. கம்பனி சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த உருளைக்குக் காத்தான்குடி வெயிலும் தெரியாது, பேரீச்சை மரத்துக்குப் பக்கத்தில் திடீரென்று குறுக்கே வரும் சைக்கிளும் தெரியாது.

என்னிடமும் இதே வாகனம்தான். கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை என்று ஓடுகிறேன், ஏசியோடு 18 முதல் 20 வரை வரும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று கட்டிப்போட்டார்களே, அன்றைக்குத் தொடங்கி ஒவ்வொரு நிரப்பலையும் கொப்பியில் எழுதிவைக்கிறேன். கொரோனாவில் கை கழுவப் பழகியது போல அது ஒரு பழக்கமாகிவிட்டது.

ஆக உங்களுக்கு 25 வராது, ஆனால் 14.5 உம் சரியில்லை. நடுவில் எங்கேயோ நாலு கிலோமீற்றர் ஒளிந்திருக்கிறது. மூன்று கேள்வி:

ரயர் பக்கத்தில் என்ன இலக்கம் எழுதியிருக்கிறது? கணவர் ரியூசன் வாசலில் காரை எப்படி வைத்துக்கொண்டு நிற்கிறார்? மத்தியானம் ஓடும்போது பின் சீட்டுப் பக்கம் ஏதாவது இரைச்சல் கேட்கிறதா?

மண்முனை டீச்சர்

மிக்க நன்றி காக்கா. இப்போதுதான் குனிந்து பார்த்துவிட்டு வந்தேன். ரயரில் 235/60 ஆர்17 என்று இருக்கிறது. முந்திய உரிமையாளர் "உயரமாய் இருக்கும்" என்று மாற்றியதாம். காற்று எப்போது அடித்தோம் என்பது ஞாபகமில்லை.

அவரிடம் கேட்டேன். வகுப்பு முடிய முக்கால் மணித்தியாலம் ஆகுமாம், ஏசியைப் போட்டுக்கொண்டு போன் பார்த்தபடி இருப்பாராம். கியர் எதிலே என்று கேட்டால் "நியூட்ரலில், அந்த என்னில் (N) போட்டு ஹான்ட்பிரேக் இழுப்பேன், அதுதானே பெற்றோல் மிச்சம்" என்கிறார்.

இரைச்சல்! நீங்கள் கேட்டபிறகுதான் நினைவு வந்தது. பாடசாலை விட்டு வரும்போது பின்னால் தலைமயிர் காயவைக்கும் மெசின் மாதிரி ஒரு சத்தம் வரும். ஏசிச் சத்தம் என்று நினைத்திருந்தேன். காலையில் வராது.

சம்மாந்துறைப் பட்டறை

அந்த இரைச்சலில்தான் பாதி விடை இருக்கிறது, தங்கச்சி. பற்றரியை மாற்றச் சொன்னவர்களுக்கு இப்போதைக்கு ஒரு சதமும் குடுக்காதீர்கள்.

பெரிய பற்றரி பின் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. நிக்கல் பற்றரி, 28 துண்டு, ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 201.6. அதைக் குளிராக்க ஒரு மின்விசிறி உண்டு. அது காற்றை வெளியிலிருந்து எடுப்பதில்லை, நீங்கள் இருக்கும் அறைக்குள்ளிருந்துதான் எடுக்கிறது, பின் சீட்டருகே உள்ள ஒரு கிரில் வழியாக. கிரில் அடைபட்டால் விசிறி கத்திக் கத்திச் சுற்றும், காற்று வராது, பற்றரி சூடாகும். சூடான பற்றரியைக் காப்பாற்றக் கணினி என்ன செய்யும்? "நீ கொஞ்சம் ஓய்வெடு" என்று அதைக் குறைவாகப் பாவிக்கும். பிரேக் பிடிக்கும்போது திரும்ப வரும் மின்சாரத்தையும் முழுதாக வாங்காது. அந்தப் பாரமெல்லாம் எஞ்சின் தலையில் விழும். விளக்கு எரியாது, ஏனென்றால் இன்னும் எதுவும் பழுதாகவில்லை.

காலையில் வராமல் மத்தியானம் வருகிறது என்றீர்களே, கணக்கு சரி. பாடசாலை வளவில் வெயிலில் ஆறு மணித்தியாலம் நின்ற கார். 1.30க்கு நீங்கள் ஏறும்போது சீட்டுக்கு அடியில் அவியும்.

பின் கதவைத் திறந்து சீட்டைப் பாருங்கள். எனக்குச் சந்தேகம், சீட் கவர் போட்டிருக்கிறீர்கள்.

செய்யும் முறை: காரை முழுதாக நிறுத்திவிடுங்கள். கிரில்லையும், உள்ளே வலை இருந்தால் அதையும், வக்கூம் கிளீனரால் வெளியிலிருந்து உறிஞ்சுங்கள். தண்ணீர் அடிக்கக் கூடாது. காற்றுக் குழாயால் உள்ளே ஊதவும் கூடாது, தூசு பற்றரிக்குள் போய்விடும். செம்மஞ்சள் நிற வயர் எது தெரிந்தாலும் கை வைக்க வேண்டாம். சீட்டைக் கழற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கல்முனைக் காக்கா

நான் சொல்ல வந்ததை முதலாளி அழகாகச் சொல்லிவிட்டார். மிச்சம் இரண்டையும் நான் முடிக்கிறேன்.

ஐயாவுடைய அந்த நியூட்ரல் கதை. பழைய கியர்க் காரில் அது சரி. இந்தக் காரில் என்னில் நின்றால் எஞ்சின் பற்றரியை ஏற்றாது. ஏசியோ பற்றரியிலிருந்துதான் ஓடுகிறது. முக்கால் மணித்தியாலம் ஏசி குடித்துத் தீர்த்த பற்றரியோடு அவர் வீட்டுக்குக் கிளம்புகிறார், வழியெல்லாம் எஞ்சின் ஏற்றிக்கொண்டே வருகிறது. டொயோட்டா கையேட்டிலேயே இதை எச்சரித்திருக்கிறார்கள். நிற்பதென்றால் பார்க்கிங்கில், பியில் (P) நிற்கச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, ஏசியை நிறுத்திவிட்டு மர நிழலில் இறங்கி நிற்பது. நடக்காது, தெரியும்.

ரயர். உங்கள் வாகனத்துக்குக் கம்பனி தந்த 17 அங்குல அளவு 215/60. அதன் மொத்த உயரம் சுமார் 690 மில்லிமீற்றர், உங்களுடையது 714. அதாவது ஒரு சுற்றில் மூன்றரை வீதம் கூடுதலாகப் போகிறீர்கள், மீற்றருக்கு அது தெரியாது. நீங்கள் 412 என்று எழுதியது உண்மையில் 426. ஆகவே 14.5 இல்லை, 15. செலவில்லாமல் அரைக் கிலோமீற்றர் கண்டுபிடித்துத் தந்துவிட்டேன்! ஆனால் அகலமும் பாரமும் கூடிய ரயர், அது தின்னும் பெற்றோலும் உண்மைதான்.

காற்றை வேலை நாள் காலையில், ரயர் ஆறியிருக்கும்போது, ஓட்டுநர் கதவுத் தூணிலுள்ள ஸ்டிக்கரைப் பார்த்து அடியுங்கள்.

அம்பாறை 32

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் பதினைந்து வருடமாக எல்லா வாகனத்தையும் நிற்கும்போது என்னில்தான் போடுகிறேன். ஒன்றும் ஆகவில்லை.

சம்மாந்துறைப் பட்டறை

தம்பி, மஞ்சள் கோட்டில் ஒரு நிமிடம் நிற்பது வேறு, ரியூசன் வாசலில் முக்கால் மணித்தியாலம் வேறு. உங்களுடையது ஹைபிரிட்டா?

அம்பாறை 32

இல்லை, டீசல்.

சம்மாந்துறைப் பட்டறை

🙂

மட்டுநகர் ஓட்டுநர்

ஓடித் திரிகிறவன் என்ற முறையில் ஒன்று. 2025 இல் இறக்குமதி திறந்தபிறகு வந்த டொயோட்டா ரைஸ் ஹைபிரிட் ஒன்று ஓட்டுகிறேன். அது வேறு சாதி, சில்லைச் சுற்றுவது மோட்டார் மட்டும்தான், 1.2 எஞ்சின் மின்சாரம் செய்து கொடுக்கும் வேலைக்கு மட்டும். பட்டணத்துக்குள் அருமை. ஆனால் பொலன்னறுவைப் பாதையில் 90 இல் விட்டால் பெற்றோல் ஊசி கண்ணுக்கு முன்னால் இறங்கும்.

டீச்சருடையது அப்படியில்லை, கொழும்புப் பயணத்தில் 19.6 வந்ததற்குக் காரணமே அந்த நீண்ட பாதைதான். வாழைச்சேனை தாண்டினால் ஹபரணை வரை நேர்ப்பாதை. சட்டப்படி 70 இல் போனால் எஞ்சின் ஒரே சீரில் ஓடும், ஓடிய கொஞ்ச நேரத்தில் காரும் குளிர்ந்துவிடும். 11 கிலோமீற்றர் ஓட்டத்தில் காருக்குள் குளிர் பிடிக்கவே பாதித் தூரம் போய்விடும். ஏசிக்கு அதிகம் போவது முதல் பத்து நிமிடத்தில்தான். நான் கிளம்புமுன் நாலு கதவையும் திறந்து ஒரு நிமிடம் விடுவேன், மறுகா கண்ணாடியை இறக்கி அரைக் கிலோமீற்றர் ஓடிவிட்டு ஏசி போடுவேன். சும்மா செய்து பாருங்கள் அக்கா.

பிரேக்கும் அப்படித்தான். கல்லடிப் பாலத்தால் இறங்கும்போது கடைசி நேரத்தில் அழுத்தினால் பிரேக் தட்டுத்தான் தேயும். தூரத்திலேயே மெதுவாக அழுத்திக்கொண்டு வந்தால் அந்த வேகம் பற்றரிக்குப் போகும்.

மண்முனை டீச்சர் (அன்று பின்னேரம்)

ஐயா, நீங்கள் எங்கள் வீட்டுக் காரை எங்கே பார்த்தீர்கள்?

சீட் கவர்தான். வாங்கிய கிழமையே மட்டக்களப்பில் போட்டோம், பஞ்சு வைத்த தடிப்பான றெக்சின். கிரில் முழுதாக அதற்குள்ளே. கவரைத் தூக்கினால் கிரில்லின் கட்டம் தெரியவில்லை, சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினால் பாய் போலச் சுருண்டு வந்தது. அதற்குள் நெல் உமி, என் தலைமயிர், மகனுடைய பென்சில் சீவல், ஒரு பொட்டு. பாடசாலைப் பக்கம் படுவான்கரையில் நெல் வெட்டு நடக்கும் காலமெல்லாம் கண்ணாடியை இறக்கித்தான் போவேன், தூசு எங்கே போகிறது என்று யோசித்ததேயில்லை.

வக்கூமை எதிர்வீட்டில் கடன் வாங்கி உறிஞ்சினோம். உள்ளே ஒரு சிறு வலை இருந்தது, அதையும் துப்புரவாக்கினோம். காற்றுப் பார்த்ததில் நாலு ரயரும் குறைவு, ஒன்று 22 பிஎஸ்ஐ. ஸ்டிக்கரில் உள்ளபடி அடித்தாயிற்று.

சம்மாந்துறைப் பட்டறை

22 ஆ! அது ஓடியதே பெரிய காரியம். அந்த ஒன்றில் ஆணி இருக்கிறதா என்றும் பாருங்கள். இனிமேல் வெட்டுக் காலம் முடிந்ததும் ஒருதடவை கிரில்லை உறிஞ்சிவிடுங்கள்.

எண்ணெய் என்ன போட்டிருக்கிறது என்று பழைய பில்லைப் பாருங்கள். இதற்கு 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெய். நம் பக்கம் சிலர் "சூடான ஊர், தடிப்பாய்ப் போடு" என்று 20டபிள்யூ-50 ஐ ஊற்றிவிடுவார்கள். அடிக்கடி நின்று நின்று ஸ்டார்ட் ஆகும் எஞ்சினுக்கு அது பாரம்.

மண்முனை டீச்சர் (மூன்று கிழமைக்குப் பிறகு)

சொன்னபடி கணக்கோடு வந்திருக்கிறேன்.

அதே செட், அதே பம்ப், முதல் கிளிக்கோடு நிறுத்தச் சொன்னேன். 431 கிலோமீற்றர், 23.7 லீற்றர். மீற்றர்ப்படி 18.2. காக்காவின் மூன்றரை வீதத்தைச் சேர்த்தால் 18.8.

இரைச்சல் மத்தியானம் இன்னும் வரும், ஆனால் நாலைந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. காரின் கணினியை வாசிக்கும் ஓபிடி கருவி வைத்திருக்கும் சக ஆசிரியர் ஒருவர் போனில் மாட்டிப் பார்த்தார், பற்றரித் துண்டுகளுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லையாம். எண்ணெய் பில்லில் 10டபிள்யூ-30 என்று இருந்தது, அடுத்த சேர்விசில் மாற்றுவோம். ஆணி இருந்தது, ஒட்டியாயிற்று. ரயர் அளவை மாற்றுவது தேய்ந்தபிறகுதான்.

அவர் இப்போது பியில் நிற்கிறார். ஏசியோடுதான். முக்கால் மணித்தியாலத்தில் எஞ்சின் ஆறு தரம் தானாக ஸ்டார்ட் ஆனதை எண்ணிவிட்டு வந்து சொன்னார், கொஞ்சம் அதிர்ச்சிதான் அவருக்கு.

கல்முனைக் காக்கா

18.8 என்றால் என்னுடையதற்குச் சமம். இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம், மார்கழி மழை வந்து ஏசி குறையும்போது இன்னும் ஒன்று கூடும். கொப்பி ஒன்று வாங்குங்கள்.

பாசிக்குடாப் பெடியன்

அக்கா, அந்த சீட் கவரைக் கழட்டிட்டீங்களா? எங்கட காரிலயும் அதே கவர்தான். இப்பதான் போய்ப் பார்த்தன்.

மண்முனை டீச்சர்

கழற்றவில்லை தம்பி, விலை கொடுத்து வாங்கியது. கிரில் இருக்கும் இடத்தில் சோக்கட்டியால் கோடு போட்டு, தையல்காரரிடம் கொடுத்து வெட்டி ஓரம் அடித்தேன். 300 ரூபா எடுத்தார்.