15 டாலருக்கு டெக்சாஸில் நிலம் வாங்கிய அனுபவம்

நிலத் தகராறு என்றதும் ஆளாளுக்கு ஒரு பங்காளிச் சண்டை சொல்வார்கள். என்னுடையது வேறு ரகம்.

2017 கடைசி. மெக்சிகோ எல்லையில் சுவர் கட்டியே தீருவேன் என்று ட்ரம்ப் முழங்கிக்கொண்டிருந்த நேரம். கார்ட்ஸ் எகெய்ன்ஸ்ட் ஹ்யுமானிட்டி என்ற சீட்டு விளையாட்டுக் கம்பெனி, ஆளுக்கு 15 டாலர் கொடுங்கள், எல்லையோரம் காலி மனை வாங்கிப்போட்டுச் சுவருக்குக் குறுக்கே நிற்கிறோம் என்றது. 1,50,000 பேர் கட்டினார்கள், நானும்தான். நிலம் கையகப்படுத்தும் வழக்குகளில் கைதேர்ந்த வக்கீல்களையும் அமர்த்திக்கொண்டார்கள். தபாலில் ஒரு வரைபடம், சுவரை எதிர்ப்போம் என்ற உறுதிச் சான்றிதழ், கொஞ்சம் புதுச் சீட்டுகள் வந்தன. போனில் பெருமையாகச் சொன்னேன். "பட்டா யார் பேர்லடா இருக்கு?" என்றார் அம்மா. கம்பெனி பேரில்தான்.

மனை டெக்சாஸின் கேமரன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி), பிரவுன்ஸ்வில் பக்கம். அரசாங்கம்தான் வந்து பிடுங்கும் என்று நினைத்திருந்தோம். வந்தது எலான் மஸ்க்கின் ராக்கெட் கம்பெனி ஸ்பேஸ்எக்ஸ். கேட்காமலேயே மனையைப் பயன்படுத்தியதாக 2024 செப்டம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் மேல் சீட்டுக் கம்பெனி வழக்குப் போட்டது. மனுவோடு வைத்த போட்டோக்களில் முதலில் வெறும் புல்வெளி. அடுத்ததில் கொட்டிய ஜல்லி, வரிசையாகக் கட்டுமான வண்டிகள். ஸ்பேஸ்எக்ஸ் மனையைப் பாதி விலைக்கும் குறைவாகக் கேட்டு, 12 மணி நேரத்தில் பதில் சொல்லச் சொன்னது என்பது மனுவில் உள்ள புகார். நஷ்டஈடாகக் கேட்டது 1.5 கோடி டாலர். ஜெயித்தால் 15 டாலர் கட்டியவர்களுக்குத் தலைக்கு 100 டாலர் வரை தருவோம் என்றது சீட்டுக் கம்பெனி.

அந்தப் பக்கம், ஸ்பேஸ்எக்ஸ் ராக்கெட் ஏவும் போகா சிகா கடற்கரைக்கு ஒருமுறை காரில் போனேன். தட்டைத் தரை, உப்புச் சதுப்பு; ராக்கெட் ரொம்பத் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. "என்" மனை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை!

2025 அக்டோபரில், விசாரணை தொடங்குமுன் சமரசமாகிவிட்டது. அத்துமீறி நுழைந்ததை ஸ்பேஸ்எக்ஸ் ஒப்புக்கொண்டதாகச் சீட்டுக் கம்பெனி அறிவித்தது. ஆனால் டெக்சாஸ் சட்டப்படி ஜெயித்தாலும் வக்கீல் ஃபீஸைத் திரும்ப வாங்குவது கஷ்டமாம். வழக்கு நடத்தினால் வருவதைவிடச் செலவு அதிகம். ஆக 100 டாலர் கிடையாது. பதிலுக்கு எலான் மஸ்க்கைக் கிண்டலடிக்கும் சின்னச் சீட்டுக்கட்டு.

கோபமெல்லாம் இல்லை. எதுவும் கட்டக்கூடாது என்பதற்காகவே வாங்கிய இடம். வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்தால் பக்கத்தில் வேலை நடத்துகிறவன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தத்தான் பார்ப்பான், அது எந்த ஊராக இருந்தாலும். சுவரை எதிர்க்க வக்கீல் பிடித்தவர்கள் இதை யோசிக்கவில்லை. மஸ்க் சீட்டுக்கட்டு வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.