கம்பெனி டாக்டரிடம் போகும்போது துணைக்கு ஆள் வரலாமா?

இரவுஷிப்ட்: நீண்ட மருத்துவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் முன் எச்ஆர் தொழில்நல மருத்துவரிடம் அனுப்புகிறது. காது, மூச்சுப் பரிசோதனையும் உண்டு. மனைவியையோ யூனியன்காரரையோ உள்ளே அழைத்துப் போகலாமா?

வெள்ளைக்கோட்டு: பொதுவாக விடுவார்கள். ஆனால் ஒழுங்கு விசாரணைக்குத் துணை வைத்துக்கொள்ளும் உரிமை இதற்கும் தானாகவே பொருந்தும் என்று எண்ண வேண்டாம். நேரம் குறிக்கும்போதே யார் வருகிறார், எதற்கு என்று கிளினிக்குக்கே சொல்லிவிடுங்கள். எச்ஆரிடம் சொன்னது பல சமயம் அங்கே போய்ச் சேராது. துணை இருக்கும்போது உங்கள் உடல்நிலையைப் பேசலாமா என்று டாக்டர் கேட்பார், உங்கள் பதிலைக் குறித்துக்கொள்வார். கொஞ்ச நேரம் தனியாகவும் பேசக் கேட்கலாம், தட்டிக்கழிக்காதீர்கள். மன அழுத்தம், குடி, வீட்டுப் பிரச்சினை எல்லாம் அப்போதுதான் வாய்விட்டு வரும்.

துணை செய்யும் பெரிய தவறு, உங்களுக்காகப் பதில் சொல்வது. "எவ்வளவு நேரம் நிற்க முடியும்?" என்றால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவர் குறிப்பெடுக்கலாம், மருந்துப் பெயரும் அளவும் எழுதிய தாளை எடுத்துக் கொடுக்கலாம். யூனியன்காரர் வந்தால் வழக்காடாமல் இருக்கணும், அது கொஞ்சம் கஷ்டம்தான்! மேலதிகாரியைத் துணையாகக் கூட்டி வரவே வேண்டாம்.

டெசிபல்: காது பரிசோதனைக்கு மட்டும் துணை அறைக்கு வெளியே. நாற்காலி கிரீச்சிட்டாலும், போன் அதிர்ந்தாலும் மெல்லிய ஒலி, அதிலும் 500 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சுருதி, அமுங்கிவிடும். கேட்பது உள்ளதைவிட மோசமாகப் பதிவாகும், மறுபடி வரச் சொல்வார்கள். முந்தைய 16 மணி நேரம் இரைச்சலான இடத்தில் இருக்காதீர்கள். இரவு ஷிப்ட் முடித்து நேரே போனால் அந்த ரிசல்ட்டை நம்ப முடியாது.

வெள்ளைக்கோட்டு: இன்னொன்று, உடலைத் தொட்டுப் பரிசோதிக்கும்போது கிளினிக் ஒரு சாட்சி ஊழியரை நிறுத்தும். உங்கள் துணை அந்த இடத்துக்கு ஆகாது, நடுநிலையானவர் வேண்டும். மொழிபெயர்க்கவும் வீட்டாள் வேண்டாம், விட்டுச் சொல்வார்கள், மாற்றிச் சொல்வார்கள்.

இரவுஷிப்ட்: போனில் நடந்தால்?

டெசிபல்: ஸ்பீக்கர் போட்டால் எடுத்ததுமே யார் பக்கத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள். பதிவு செய்வதென்றால் முதலில் அனுமதி கேளுங்கள். அறிக்கை எச்ஆருக்குப் போகும் முன் உங்களுக்குக் காட்டச் சொல்லியும் கேட்டுப் பாருங்கள்.