டிடிஎச் பாக்ஸில் ரெக்கார்டு செய்த சீரியல் லேப்டாப்பில் ஓடவில்லை. சட்டப்படி எதுவரை போகலாம்?

மாடிவீட்டு டிஷ் (கேள்வி)
ஹெச்டி டிடிஎச் பாக்ஸ், பின்பக்க யூஎஸ்பியில் 1 டிபி போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க். ரெக்கார்டிங் பத்து இருபது நிமிஷத்தில் தானாக நின்றுவிடுகிறது, டிஸ்க்கில் டிக் டிக் சத்தம். லேப்டாப்பில் போட்டால் "ஃபார்மேட் செய்யவா?" என்கிறது. ஹெச்டிஎம்ஐ கேப்சர் கார்டு வைத்தால் வெறும் கறுப்புத் திரை. கடையில் ஒரு ஸ்ப்ளிட்டர் (ஹெச்டிஎம்ஐயை இரண்டாகப் பிரிக்கும் சின்னப் பெட்டி) போட்டால் வரும் என்கிறார்கள். இதெல்லாம் சட்டப்படி சரியா? சித்திக்கு அவர் விட்ட எபிசோடுகளைப் பென் டிரைவில் கொடுக்கலாமா?

சால்டரிங்
முதலில் அந்த ஃபார்மேட் கேள்விக்கு "வேண்டாம்" கொடுங்கள். பாக்ஸ் டிஸ்க்கைத் தன் லினக்ஸ் முறைக்கு மாற்றிவிடும், விண்டோஸுக்கு அது காலி டிஸ்க் மாதிரிதான் தெரியும்.

டிக் டிக் சத்தம் பவர் பற்றாமல் வருவது. யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். 2.5 அங்குல டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது கிட்டத்தட்ட 1 ஆம்பியர் வரை இழுக்கும். தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் போடுங்கள், இல்லையென்றால் ஒய் கேபிளின் (இரண்டு யூஎஸ்பி முனை உள்ள கேபிள்) இரண்டாவது முனையை மொபைல் சார்ஜரில் செருகுங்கள். டிஸ்க்கின் வேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஹெச்டி சேனலை 8 மெகாபிட் என்று வைத்தாலும் நொடிக்கு 1 எம்பிதான், மணிக்கு 3.6 ஜிபி. 1 டிபியில் சுமார் 270 மணி நேரம் பிடிக்கும்.

லினக்ஸில் திறந்தாலும் படம் ஓடாது. ஃபைல் பூட்டப்பட்டிருக்கிறது, சாவி அந்த ஒரு பாக்ஸுக்குள் இருக்கிறது. பாக்ஸ் போனால் அதே மாடலில் வேறொன்று வாங்கினாலும் பழைய ரெக்கார்டிங் திறக்காது. பல பாக்ஸ்களில் ரீசார்ஜ் முடிந்தாலே திறக்காது. தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ்ஷில் பூட்டில்லாமல் வரும் சேனல்களைச் சாதாரண ஃப்ரீ டு ஏர் பாக்ஸில் பிடித்தால் மட்டும் ஃபைல் நேராக லேப்டாப்பின் விஎல்சி பிளேயரில் ஓடும்.

கருப்பு கோட்டு
சட்டத்துக்கு வருவோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957. இதில் இரண்டு பேருடைய உரிமை இருக்கிறது, பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, ஒளிபரப்பும் சேனலின் உரிமை (37வது பிரிவு, 25 ஆண்டு). அனுமதியில்லாமல் ரெக்கார்டு செய்வதே இதில் மீறல். ஆனால் 39(ஏ) விலக்கு தருகிறது: பதிவு செய்பவர் தன் சொந்த உபயோகத்துக்காகச் செய்தால் மீறல் இல்லை. இரண்டு, நிகழ்ச்சியைத் தயாரித்தவரின் உரிமை. சட்டத்தின் கண்ணில் சீரியலும் ஒரு "திரைப்படம்", 60 ஆண்டு. அதற்கு 52(1)(ஏ)-வில் தனிப்பட்ட உபயோகத்துக்கான "நியாயமான கையாளல்" என்ற விலக்கு உண்டு. 2012 திருத்தத்துக்கு முன் இந்த விலக்கில் படமே கிடையாது, அதனால் பழைய கட்டுரைகளைப் படித்துப் பயப்படாதீர்கள்.

ஆக, பாக்ஸில் ரெக்கார்டு செய்து நீங்களும் வீட்டாரும் பார்ப்பதில் சட்டச் சிக்கல் இல்லை.

சித்தி விஷயம் வேறு. 39(ஏ)-வின் வார்த்தையைக் கவனியுங்கள்: பதிவு செய்பவரின் சொந்த உபயோகம். நீங்கள் பதிவு செய்து இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தால் அந்த வார்த்தைக்குள் அது உட்காராது. பென் டிரைவ் ஒன்றுக்காக யாரும் வழக்குப் போடப்போவதில்லை என்பது நடைமுறை, சட்டத்தின் பதில் அல்ல. சித்தி வீட்டு பாக்ஸில் டைமர் வைத்துக் கொடுங்கள், அல்லது சித்தியை வீட்டுக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுங்கள். வாட்ஸப் குரூப்பில் போடுவது, யூடியூபில் ஏற்றுவது, காசு வாங்கித் திரையிடுவது எல்லாம் கோட்டுக்கு அந்தப்பக்கம். தெரிந்தே மீறினால் 63வது பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை.

மாடிவீட்டு டிஷ்
நன்றி சார். அமெரிக்காவில் 1984லேயே வீட்டில் ரெக்கார்டு செய்யலாம் என்று தீர்ப்பு வந்ததாமே, அது இங்கே செல்லுமா? ஸ்ப்ளிட்டர் பற்றியும் சொல்லுங்கள்.

கருப்பு கோட்டு
சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டர் வழக்கு. நீதிபதிகள் 5 பேர் ஒரு பக்கம், 4 பேர் மறுபக்கம் என்று மயிரிழையில் வந்த தீர்ப்பு. அதுவும் பிறகு பார்ப்பதற்காகப் பதிவதைப் பற்றித்தான் பேசியது. இங்கே அது கட்டுப்படுத்தாது, தேவையும் இல்லை. நம் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

ஹெச்டிஎம்ஐயிலும் ஒரு நகல் தடைப் பூட்டு உண்டு, கறுப்புத் திரை அதனால்தான்; சில ஸ்ப்ளிட்டர்கள் அதைக் கழற்றிவிடும். அங்கேதான் 65ஏ பிரிவு வருகிறது. பாதுகாப்புப் பூட்டை உரிமை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும். "நோக்கத்தோடு" என்ற சொல் உங்களுக்குச் சாதகம், சொந்த உபயோகத்துக்கு என்று வாதிடலாம். உடைக்க உதவுபவர் யாருக்கு, எதற்காக உதவினார் என்று பெயர், முகவரியோடு பதிவேடு வைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஸ்ப்ளிட்டர் வாங்கும்போது முகவரி கேட்டால் சொல்லுங்கள், கேட்க மாட்டார்கள். இன்னொன்று: டிடிஎச் சந்தா நிபந்தனையில் நகலெடுக்கத் தடை இருந்து அதை மீறினால், அதற்குச் சிறை இல்லை, இணைப்பு போகலாம். அதையும் ஒருமுறை படியுங்கள்.

சால்டரிங்
நான் ஸ்ப்ளிட்டரைச் சொல்லவே மாட்டேன். பாக்ஸில் பெரும்பாலும் ஏவி அவுட் (மஞ்சள், சிவப்பு, வெள்ளை பிளக் கேபிள் போகும் இடம்) இருக்கும், அதில் அந்த ஹெச்டிஎம்ஐ பூட்டு கிடையாது. அதை லேப்டாப்புக்குக் கொண்டுவர ஒரு யூஎஸ்பி ஏவி கேப்சர் போதும். ஓபிஎஸ் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் நம் ஊர் டிவி முறையான பால் (பிஏஎல்), 720×576, 25 ஃபிரேம் வையுங்கள். தவறி அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் வைத்தால் படம் கறுப்பு வெள்ளையாகும் அல்லது உருளும். அசையும் இடத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு வந்தால் சோர்ஸில் ரைட் கிளிக், டீஇன்டர்லேசிங், யாடிஃப் 2எக்ஸ். 2500 கேபிபிஎஸ் வைத்தால் மணிக்கு சுமார் 1.1 ஜிபி. ஹெச்டி தெளிவு வராது, சீரியலுக்குப் போதும்.

மாடிவீட்டு டிஷ்
ஒய் கேபிளில் டிஸ்க் சத்தம் நின்றது. ஏவியில் சத்தம் வருகிறது, கூடவே உர்ர்ர். படம் இல்லை.

சால்டரிங்
பாக்ஸ் பக்கம் 3.5 மிமீ பின்தானே? அதில் நான்கு வளையம். கிரவுண்டும் வீடியோவும் எந்த வளையம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மஞ்சளைக் கழற்றிவிட்டு சிவப்பு பிளக்கை கேப்சரின் வீடியோ சாக்கெட்டில் செருகுங்கள், அதுவும் இல்லையென்றால் வெள்ளை. எதிலும் நிலையாக வராவிட்டால் அந்த பாக்ஸுக்கான கேபிளே வாங்க வேண்டும், 50 ரூபாய் கேபிளோடு மல்லுக்கட்டாதீர்கள்.

மாடிவீட்டு டிஷ்
சிவப்பில் படம் வந்துவிட்டது. உர்ர்ரும் போயிற்று.